மலையை மனப்பாடம் செய்தால் போதுமா?

சென்ற குளிர்கால விடுமுறையில் என் பேரன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். நொய்டாவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளியில் விநாடி வினாப் போட்டி என்று சிகரங்களின் பெயர்களை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தான். எவரெஸ்ட் 8848.86 மீட்டர், கே-2 8611, கஞ்சன்ஜங்கா 8586, முழுக்க முழுக்க இந்திய மண்ணிலேயே இருப்பவற்றில் உயர்ந்த நந்தாதேவி 7816, தெற்கே ஆனைமுடி 2695, நம் தமிழ்நாட்டின் தொட்டபெட்டா 2637. ஓர் எண்கூடத் தவறவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒப்பித்து முடித்தவன், "தாத்தா, இதுல நீங்க எதுல ஏறியிருக்கீங்க?" என்று கேட்டான். "தொட்டபெட்டாவுக்குக் காரில் போயிருக்கேன்" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அருகில் இருந்த என் மகள் சிரிக்கவில்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தில்லிக்கு வந்து இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை ஆன தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. கோடை விடுமுறை என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்கிலோ இடம் பிடித்து ஊருக்குப் போவோம். அது வேண்டியதுதான். ஆனால் ஓர் இரவு பஸ் பயணத்தில் இமயமலையின் அடிவாரம் இருக்கிறது. அங்கே நாம் போவது பத்ரிநாத்தைத் தரிசிக்க அல்லது முசௌரியில் படம் எடுத்துக்கொள்ள. மலை என்றால் நமக்குச் சாமி, இல்லாவிட்டால் சுற்றுலா. அதில் ஏறிக் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்ற எண்ணமே நம் வீடுகளில் இல்லை.

"இமயமலைக்கும் தமிழனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். எவரெஸ்டின் உயரத்தைக் கண்டுபிடித்த வேலையே நம் பரங்கிமலையில்தான் தொடங்கியது. 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி அங்கே நூறு அடிச் சங்கிலியைப் பிடித்துத் தரையில் ஒரு நேர்கோட்டை அளந்தார். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரத்தை அளக்க இரண்டு மாதங்கள் பிடித்தன. அந்த ஒரே கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணத்துக்குப் பக்கத்தில் முக்கோணமாக அடுக்கி, வடக்கு நோக்கி நாடு முழுவதையும் அளந்துகொண்டே போனார்கள். 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. லாம்டன் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் சரி செய்தார். அந்த வேலையின் தொடர்ச்சியாக, 1852இல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி கணக்கிட்டு, பதினைந்தாம் எண் சிகரம்தான் உலகிலேயே உயர்ந்தது என்று கண்டார். நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால் நூறு மைலுக்கும் அப்பாலிருந்து பார்த்து எடுத்த கோணங்கள் அவை. அன்று வெளியிட்ட உயரம் 29,002 அடி. செயற்கைக்கோள் கருவிகளை வைத்து 2020இல் நேபாளமும் சீனாவும் அறிவித்த உயரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்பது மீட்டர்தான்!

நான் சிவில் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தியோடலைட்டைத் தோளில் சுமந்தவன். நூறு மைல் தூரத்துக் கோணத்தில் இவ்வளவு சிறிய பிழை என்றால் அதன் பின்னால் எத்தனை பொறுமை இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். 8848 என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள். எண்ணுக்கு உயிர் வரும்.

மலை ஏறுவதற்கு விதி உண்டு என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்ததும் ரயில்தான். கால்காவிலிருந்து சிம்லா 1400 மீட்டர் உயரே இருக்கிறது. நேராக ஏற முடியாது. 96 கிலோமீட்டர் வளைந்து வளைந்து, முப்பத்து மூன்று அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்துக்கு மிகாமல் பாதை போட்டிருக்கிறார்கள். நம் நீலகிரி ரயிலில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். சக்கரம் மட்டும் பிடிக்காது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சட்டம் வேண்டும். அவசரப்பட்டால் எஞ்சின் நழுவும்.

மனித உடம்பும் அப்படித்தான். 5500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி; எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. 3000 மீட்டரைத் தாண்டிவிட்டால் இரவு படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது பொது விதி. பகலில் சற்று உயரம் ஏறிப் பார்த்துவிட்டு, இரவு கீழே இறங்கிப் படுப்பது நல்லது. தலைவலி, வாந்தி என்றால் மேலே போகக்கூடாது. குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். வீரம் பேசுகிறவனுக்கு அங்கே இடமில்லை. தலைநகரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கோச்சிங், ரேங்க் என்று ஓடும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எது?

திரும்பி வருவதும் ஒரு பாடம். 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டை எட்டியது எல்லோருக்கும் தெரியும். மூன்று நாள் முன்பு, மே 26 அன்று, அதே குழுவைச் சேர்ந்த சார்லஸ் எவன்ஸ், டாம் போர்டிலன் இருவரும் உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே வரை போய்விட்டார்கள். ஆக்சிஜன் கருவி தொல்லை கொடுத்தது, நேரமும் ஆகிவிட்டது. திரும்பிவிட்டார்கள். உலகத்தின் முதல் பெயரை நூறு மீட்டரில் விட்டுவிட்டு இறங்கிய அதே எவன்ஸின் தலைமையில்தான் 1955இல் கஞ்சன்ஜங்கா முதல் முறையாக வெல்லப்பட்டது. அதை வென்றவர்களும் சிக்கிம் மக்களின் நம்பிக்கைக்கு மதிப்பளித்து உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டார்கள். நுழைவுத் தேர்வில் ஒரு வருடம் தவறினால் வாழ்க்கையே போய்விட்டது என்று நினைக்கும் வீடுகளில் இதைச் சொல்ல வேண்டாமா?

இப்போது என் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் அடிப்படைப் பயிற்சிக்கு ஒரு விண்ணப்பப் படிவம் கொண்டு வந்தாள். நான்கு வாரப் பயிற்சி. பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நான் போடவில்லை. பெண் பிள்ளை, குளிர், சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, படிப்பு கெடும் என்று அடுக்கினேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீங்க மட்டும் ஆத்துப் பாலத்து மேல கர்டர்ல நடக்கலாமாப்பா?" நான் பதில் சொல்லவில்லை. என் மனைவி மட்டும், "அவ கேட்டது நியாயம்தான்" என்றாள். கர்டரில் நடந்த எனக்குப் பயிற்சி இருந்தது. அந்தப் பயிற்சியைத்தான் அவளும் கேட்டாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேரன் கேட்ட கேள்விக்கு அவள் ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா சிகரத்தருகே பனிச்சரிவில் அதே நிலையத்தின் பயிற்சிக் குழு சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்ட் ஏறிய சவிதா கன்ஸ்வால் என்ற பயிற்சியாளரும் அதில் ஒருவர். மலை யாருக்கும் உறவில்லை. பனிச் சிகரத்துக்குப் பிள்ளையை அனுப்பும் முன் எந்தப் பெற்றோரும் நூறு கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேள்வி கேட்பது வேறு, கதவைச் சாத்துவது வேறு. நான் சாத்தினேன்.

பெண் பிள்ளைகளால் முடியாது என்ற காலம் மலையேறிவிட்டது. 1984இல் பச்சேந்திரி பால் எவரெஸ்டில் ஏறினார். தெலுங்கானாவின் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த மாலாவத் பூர்ணா 2014இல் பதினான்கு வயது நிரம்புமுன்னே ஏறினார். அவர் படித்தது அரசு நடத்தும் உறைவிடப் பள்ளியில். விருதுநகர் மாவட்டத்தின் முத்தமிழ்ச்செல்வி இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகு 2023 மே மாதம் ஏறி, தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்டை எட்டிய முதல் பெண் ஆனார். கந்தக பூமியிலிருந்து ஒருவர் பனியுச்சிக்குப் போக முடியும் என்றால், தில்லி ஜனவரிக் குளிரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு என்ன குறை?

எல்லோரும் எவரெஸ்டுக்குப் போக வேண்டியதில்லை. லட்சக்கணக்கில் செலவு, உச்சியில் ரேஷன் கடைபோல வரிசை நிற்கும் படத்தை 2019இல் எல்லோரும் பார்த்தோம். அந்த மோகம் நமக்கு வேண்டாம். நான் கேட்பது சிறியது.

ஆனந்த் நிகேதனில் இந்திய மலையேற்ற அமைப்பின் அலுவலகமும் ஏறிப் பழகும் செயற்கைச் சுவரும் இருக்கின்றன. ராமகிருஷ்ணபுரத்திலுள்ள நம் தமிழ்ச் சங்கத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் ஆளுக்கு ஒரு மலையேற்றக் குழு அமைத்து முதலில் அந்தச் சுவருக்கு மாணவர்களை அழைத்துப் போகலாம். மேல் வகுப்பில் ஆர்வமும் உடல் தகுதியும் உள்ளவர்களை முறையான பயிற்சிக்கு அனுப்பலாம். வசதியில்லாத பிள்ளைகளின் கட்டணத்துக்குச் சங்க அன்பர்கள் கை கொடுக்கலாம். என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பிள்ளையின் செலவை நான் ஏற்கிறேன்.

'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்பார்கள். அங்கே ஒரே கயிற்றில் பஞ்சாபிப் பிள்ளையும் கட்டப்பட்டிருப்பான், மணிப்பூர்ப் பிள்ளையும் கட்டப்பட்டிருப்பான். ஒருவன் வழுக்கினால் மற்றவன் பிடிக்க வேண்டும். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வரும் ஞாயிறன்று பேரனை அந்தச் சுவரைக் காட்ட அழைத்துப் போகிறேன். மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் ஒரு படிவம் வரும். கேட்க வேண்டியதைக் கேளுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், தயவு செய்து கையெழுத்துப் போட்டு விடுங்கள்.