பேப்பருக்கும் வேண்டும் ஒரு டிலீட் பட்டன்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் பாதுகாப்பு பற்றிப் பேசினால், உடனே ஆன்ட்டி வைரஸ், பாஸ்வேர்ட், பயர்வால் என்று அடுக்குகிறார்கள். நல்லது தான். ஆனால் கம்ப்யூட்டருடன் ஒரு பிரிண்டரும் வீட்டிற்குள் வந்துவிடுகிறது. பாஸ்வேர்ட் கொடுத்துப் பூட்டி வைத்த பைல், பிரிண்ட் பட்டனை ஒரு முறை அழுத்தியதும், பூட்டே இல்லாத தாளாக வெளியே வந்து விழுகிறது. அந்தத் தாள் பிறகு எங்கே போகிறது என்று யாரும் கவனிப்பதில்லை.

பெரும்பாலான வீடுகளில் அது பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அங்கிருந்து பஜ்ஜிக் கடைக்கோ, சுண்டல் விற்பவரிடமோ போகலாம். அடுத்த முறை பொட்டலம் வாங்கும் போது, சாப்பிட்டு முடித்தபின் தாளை விரித்துப் பாருங்கள். யாரோ ஒருவரின் விண்ணப்பம், ஏதோ ஓர் அலுவலகத்தின் சம்பளப் பட்டியல், ஒரு மாணவரின் விடைத்தாள் என்று ஏதாவது இருக்கும். நம் வீட்டுத் தாளையும் இப்படி யாரோ ஒருவர் விரித்துப் படிக்க முடியும்.

நான் வேலை பார்க்கும் சாப்ட்வேர் அலுவலகங்களில் பிரிண்டர் இருக்கும் இடத்திலேயே தாளை வெட்டிப் போடும் ஷ்ரெடரும் இருக்கும். வீட்டில் தொழில் நடத்துபவர்களும் பிரிண்டருடன் ஒரு ஷ்ரெடருக்குச் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் விலை மலிவு என்று கண்ணை மூடிக் கொண்டு வாங்கினால், அது வீண் செலவு தான்.

யாருக்குத் தேவை?

எல்லா வீட்டுக்கும் தேவை இல்லை. மாதம் நான்கைந்து தாள் மட்டுமே கழிக்கிறீர்கள் என்றால், ஒரு வாளித் தண்ணீர் போதும். தாள்களைக் கிழித்து இரவு முழுவதும் ஊற வைத்து, காலையில் கையால் பிசைந்து கூழாக்கிப் போட்டுவிடலாம். வெறுமனே ஊற வைத்தால் போதாது. லேசர் பிரிண்டரின் டோனர் தண்ணீரில் கரையாது. பிசைவது தான் முக்கியம்.

வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் நிலைமை வேறு. காப்பீட்டு ஏஜென்ட், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தருபவர், திருமணத் தகவல் மையம் நடத்துபவர், ஆட்களை வேலைக்கு அனுப்புபவர், பல வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர் ஆகியோரிடம் மற்றவர்களின் ஆதார் நகல், பான் கார்டு நகல், ரத்து செய்த செக், சம்பளச் சான்று, ஜாதகம் என்று குவிந்து கிடக்கிறது. நம் தாள் வெளியே போனால் நஷ்டம் நமக்கு. இவர்களிடம் இருக்கும் தாள் வெளியே போனால், நஷ்டம் இவர்களை நம்பிக் கொடுத்தவருக்கு. தன் பெயரில் யாரோ சிம் கார்டு வாங்கியதோ, கடனுக்கு விண்ணப்பித்ததோ அவருக்குத் தெரியவே பல மாதங்கள் ஆகும். எந்த வீட்டிலிருந்து தாள் கசிந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

சட்டம் பார்த்துக் கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம், டிஜிட்டல் வடிவில் உள்ள தகவலுக்கும், ஸ்கேன் செய்வது போல் பின்னர் டிஜிட்டலாக மாற்றப்பட்ட தகவலுக்கும் உரியது. கம்ப்யூட்டருக்குள் போகாமல் அலமாரியில் இருக்கும் வெறும் ஜெராக்ஸ் நகலுக்கு நம் மனசாட்சி தான் காவல்.

நீளக் கீற்றா, சிறு துண்டா?

ஷ்ரெடர்களில் மலிவானவை தாளை நீள நீளக் கீற்றுகளாக வெட்டும். இவற்றை ஸ்ட்ரிப் கட் என்பார்கள். கிராஸ் கட் வகை குறுக்கிலும் வெட்டும். மைக்ரோ கட் இன்னும் பொடியாக்கும்.

இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2012ல் ஜெர்மனியில் டி.ஐ.என். 66399 என்று வந்த தரம், 2018ல் ஐ.எஸ்.ஓ. சர்வதேசத் தரமாகவும் ஆனது. பேப்பருக்கு பி-1 முதல் பி-7 வரை ஏழு நிலைகள். பி-2வில் 6 மிமீ அகலக் கீற்று போதும். பி-4ல் ஒரு துண்டின் பரப்பு 160 சதுர மிமீக்கு மேல் போகக் கூடாது. பி-5ல் 30 சதுர மிமீ தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாள் 210 மிமீ அகலம், 297 மிமீ நீளம். 6 மிமீ கீற்றாக வெட்டினால் 35 துண்டு. பி-4ல் சுமார் 390 துண்டு. பி-5ல் 2,000க்கும் மேல். 35 கீற்றுகளை ஒரு பள்ளி மாணவன் கூட விடுமுறை நாளில் ஒட்டி விடுவான்.

கீற்று வெட்டில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தாளைப் பக்கவாட்டில் திருப்பிச் செருகினால், வரியின் போக்கிலேயே பிளேடு வெட்டும். 6 மிமீ கீற்றில் ஒரு முழு வரி அப்படியே தப்பித்துவிடும். அந்த வரியில் 12 இலக்க ஆதார் எண் இருந்தால், வெட்டியதும் வெட்டாததும் ஒன்று தான்.

1979ல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்ட போது, அங்கே கீற்றுகளாக வெட்டிப் போட்ட ஆவணங்களைக் கம்பளம் நெய்பவர்களை வைத்தே மீண்டும் சேர்த்து, புத்தகங்களாக வெளியிட்டார்கள். 2011ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, பொடியாக வெட்டிய ஐந்து ஆவணங்களைக் கொடுத்து, சேர்த்துக் காட்டினால் 50,000 டாலர் என்று போட்டி வைத்தது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு குழு, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி ஜெயித்துவிட்டது.

அப்படியானால் எந்த ஷ்ரெடரும் பயன் இல்லையா? அப்படி அல்ல. உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்காக யாரும் கம்பளம் நெய்பவரைத் தேடப் போவதில்லை. சுலபமாகக் கிடைப்பதைத் தான் திருடன் எடுப்பான். வீட்டுக்கு பி-4 கிராஸ் கட் சரியான தேர்வு. மற்றவர்களின் அடையாள ஆவணங்களை நிறையக் கையாள்பவர் என்றால் பி-5 பாருங்கள். ஸ்ட்ரிப் கட் இலவசமாகக் கொடுத்தால் கூட வேண்டாம் என்பேன்.

வாங்கும் போது பார்க்க வேண்டியவை

* பெட்டியின் மேல் "8 தாள்" என்று போட்டிருந்தால், அது மெல்லிய தாளுக்குச் சொன்ன கணக்கு. ஐந்தாறு தாளுக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் மோட்டார் நீண்ட நாள் உழைக்கும்.

* எத்தனை நிமிடம் ஓடும், எத்தனை நிமிடம் ஓய்வு வேண்டும் என்று கேளுங்கள். சிறிய மாடல்கள் பலவும் சில நிமிடம் ஓடினாலே அரை மணி நேரம் ஆற வேண்டும். இது ரிப்பேர் அல்ல. மோட்டாரைக் காக்கும் ஏற்பாடு.

* ரிவர்ஸ் பட்டன் கட்டாயம் வேண்டும். தாள் சிக்கினால் அது தான் கை கொடுக்கும்.

* குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், தாள் செருகும் வாய் குறுகலாக இருக்கட்டும். கூடையை எடுத்தால் தானே நிற்கும் மாடலாகப் பாருங்கள்.

பயன்படுத்தும் போது

கம்ப்யூட்டருக்குப் போட்டிருக்கும் யு.பி.எஸ்.ஸில் ஷ்ரெடரை இணைக்காதீர்கள். மோட்டார் கிளம்பும் போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யு.பி.எஸ். தாங்காது. சுவரில் உள்ள பிளக்கில் நேராகக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். துப்பட்டா, நீண்ட சங்கிலி, அவிழ்த்த கூந்தல் எதுவும் வாய்க்கு அருகில் வரக் கூடாது. குழந்தைகளுக்கு இது விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். அதனால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பிளேடுகளுக்கு அவ்வப்போது எண்ணெய் வேண்டும். அதற்கென்று விற்கும் எண்ணெயை ஒரு தாளில் கோடு கோடாக விட்டு, அந்தத் தாளையே வெட்டக் கொடுத்தால் போதும். ஸ்பிரே டப்பாவை மட்டும் தொடாதீர்கள். அதில் உள்ள வாயு உள்ளே தங்கி, மோட்டாரின் தீப்பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

கூரியர் லேபிள், ஸ்டிக்கர் போன்ற பசை உள்ளவற்றைப் போட்டால் பிளேடில் ஒட்டிக் கொள்ளும். அட்டைப் பெட்டியின் மேல் உள்ள லேபிளை ஈரப்படுத்திச் சுரண்டி விடுங்கள். பெயர், முகவரி, மொபைல் எண் மூன்றும் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன.

எதை வெட்டக் கூடாது?

மெஷின் வந்த உற்சாகத்தில் அலமாரியைக் காலி செய்துவிடாதீர்கள். பத்திரம், சான்றிதழ், நடப்பில் உள்ள பாலிசி, வாரண்டி பில் ஆகியவற்றின் மீது கை வைக்கக் கூடாது. வரி தொடர்பான பழைய தாள்களை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தான் கழிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ரீசைக்கிள் பின்னில் தேடி எடுக்கலாம். இங்கே அந்த வசதி கிடையாது.

தாளைக் குறைப்பதே முதல் வேலை

தாளே இல்லை என்றால் வெட்ட வேண்டிய வேலையும் இல்லை. ஆதார் நகல் கேட்டால், யு.ஐ.டி.ஏ.ஐ. இணையதளத்தில் மாஸ்க்டு ஆதார் டவுன்லோட் செய்து கொடுக்கலாம். அதில் கடைசி நான்கு இலக்கம் மட்டுமே தெரியும். முழு நகல் தான் வேண்டும் என்றால், எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று நகலின் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை மொபைல் இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக் கொள்ளலாம்.

ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் பைல் அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம். தாளை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறோம். பைல் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அதை எந்த ஷ்ரெடரும் வெட்டாது. கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். சொந்தமாகப் பிரிண்டர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரை விற்கும் போதும் இதே கவனம் வேண்டும். டிலீட் செய்தால் பைலின் பெயர் தான் மறைகிறது. விண்டோஸில் ரீசெட் செய்கையில், டிரைவையும் சுத்தம் செய்யும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள்.

ஷ்ரெடரின் விலை சில ஆயிரம் ரூபாய். வீட்டில் நிறைய ஆவணங்களைக் கையாள்கிறவருக்கு இது தொழில் செலவு. இன்றே ஒரு சின்ன வேலை செய்யலாம். பழைய பேப்பர் கட்டை அவிழ்த்து, அதில் மற்றவர் பெயர் உள்ள தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். எத்தனை சேருகிறது என்று பார்த்தால், ஷ்ரெடர் வேண்டுமா, வாளி போதுமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.