மூன்று மாதத்தில் முடிகிற வேலை

திறந்த மூல இயங்குதளம் ஒன்றுக்கு மாணவர்கள் எந்த நிரலை எழுத வேண்டும், எதை எழுத வேண்டாம் என்பதை எந்த அளவுகோலால் தீர்மானிப்பது? கணினித் துறையினர் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம் இது. நாளிதழில் காலம் கழித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கினிகத்தேனையிலிருந்து பார்க்கும்போது, இது மலையகத்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தோடு தொடர்புடைய கேள்வியாகவே எனக்குப் படுகிறது.

முதலில் சற்றுப் பின்னணி. கூகிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் 'சம்மர் ஆஃப் கோட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டு ஏறத்தாழ 400 மாணவர்கள் திறந்த மூல அமைப்புகளுக்கு நிரல் எழுதினார்கள். வேலையை முடித்தவருக்கு ஆளுக்கு 4,500 டாலர். டெபியன், ஃப்ரீபிஎஸ்டி, ஹைக்கு போன்ற இயங்குதளங்களை உருவாக்குவோரும் இதில் பங்கேற்று வந்திருக்கிறார்கள். அமைப்புகள் தமக்குத் தேவையான வேலைகளைப் பட்டியலிடும். மாணவர்கள் முன்மொழிவு எழுதி அனுப்புவார்கள். பட்டியலில் இல்லாத யோசனையையும் அனுப்பலாம். வழிகாட்டிகள் அவற்றைத் தரப்படுத்தித் தெரிவு செய்வார்கள். மேற்குலகின் கோடை விடுமுறையை எண்ணி வகுத்த திட்டம் இது. அவர்களுடைய கோடை எங்களுக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலம். இருந்தும், முதல் பத்தாண்டுக் கணக்கில் உலகிலேயே அதிக மாணவர்களை இத்திட்டத்துக்கு அனுப்பிய பல்கலைக்கழகம் இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம்தான். சின்னஞ்சிறு தீவுக்கு இது சிறிய பெருமையன்று.

தெரிவு செய்யும் இடத்தில் ஒரு சபலம் உண்டு. செய்தி ஆசிரியரின் மேசையில் நான் நாள்தோறும் கண்ட சபலமே அது. பரபரப்பான தலைப்புக் கொண்ட கட்டுரை முதலில் கண்ணைக் கவரும். எந்த ஊரில் குடிநீர் வரவில்லை என்ற நான்கு வரிச் செய்தி கூடையை நோக்கி நகரும். மறுநாள் பேருந்து நிலையத்தில் வாசகர் தேடிப் படிப்பதென்னவோ அந்த நான்கு வரியைத்தான். நிரல் திட்டங்களிலும் இப்படித்தான். மையக்கருவையே மாற்றி எழுதுகிறேன் என்று வரும் முன்மொழிவு கம்பீரமாக இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பாதியில் நின்ற கட்டடமாக அது கிடக்கும். எழுதிய மாணவர் பரீட்சைக்குத் திரும்பியிருப்பார், பராமரிக்க ஆளிருக்காது.

ஆகவே, தெரிவாளர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இந்த வேலைக்காக யாராவது காத்திருக்கிறார்களா? குறித்த காலத்துக்குள் முடியுமா? மாணவர் போன பிறகு இதைப் பராமரிப்பவர் யார்? 2012இல் ஹைக்கு இயங்குதளத்தை 64 பிட் கணினிகளில் இயங்கச் செய்யும் பணியை ஒரு மாணவர் இதே திட்டத்தின் கீழ் மேற்கொண்டார். வேலை கடினமானது, ஆயினும் எல்லை தெளிவானது, காத்திருந்தோரும் பலர். இன்று புதிதாக நிறுவுவோருக்கு அவ்வமைப்பு பரிந்துரைப்பது 64 பிட் பதிப்பையே. லினக்ஸின் கதையும் இதற்கு அரண் செய்யும். 1991இல் ஹெல்சிங்கி மாணவரான லினஸ் டொர்வால்ட்ஸ், பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்ளத் தமக்கு வேண்டியிருந்த சிறு நிரலைத்தான் முதலில் எழுதினார். உலகை ஆளும் இயங்குதளம் அதிலிருந்து வளர்ந்தது.

இந்த அளவுகோலைத் தமிழுக்குப் பொருத்திப் பாருங்கள். லினக்ஸின் உரைத்திரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 512 எழுத்துருவங்களையே கையாளும். 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. டெபியனின் 4.0 பதிப்பு 2007 ஏப்ரலில் வரைகலை நிறுவியோடு வந்தபோதுதான், உரைத்திரையில் காட்ட இயலாத தமிழ் முதலிய மொழிகளுக்கு நிறுவும் கட்டத்திலேயே இடம் கிடைத்தது. எழுத்துச் சிதறல், விசைப்பலகை, சொற்பிழை திருத்தி, பழைய கணினியிலும் தடையின்றி ஓடும் இலகுவான பதிப்பு என நமக்கான வேலைகள் இன்னும் ஏராளம். எல்லாம் சிறியவை, முடியக்கூடியவை, ஆட்கள் காத்திருப்பவை. இவற்றை முன்மொழியத் தமிழறிந்த ஒருவர் வேண்டும். நாம் எழுதாவிட்டால் அந்த வரி எந்தப் பட்டியலிலும் வராது.

இங்கேதான் கினிகத்தேனை வருகிறது. கெசல்கமு ஓயாவின் நீர் இந்த மலைகளினூடேதான் பாய்கிறது. லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் முதலில் கொழும்புக்குப் போயிற்று; அதைச் சுற்றியிருந்த தோட்டத்து லயன்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. கணினித் துறையிலும் அதே கதை தொடரக்கூடாது. 2022 முதல் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் சேரப் பல்கலைக்கழக மாணவராக இருக்க வேண்டியதில்லை; 18 வயது நிறைந்த, திறந்த மூலத்துக்குப் புதியவரும் விண்ணப்பிக்கலாம். 2024இல் 90 மணிநேரச் சிறு திட்டங்களும் சேர்க்கப்பட்டன. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக் கணக்கில் காத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

தடை ஒன்று உண்டு, அதை மறைப்பதற்கில்லை. முன்மொழிவை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை முன்மொழிவு எழுதத் தெரியாமல் தோற்றுப்போகிறது. மொறட்டுவையில் முன்சென்ற மாணவர்கள் பின்வந்தோருக்கு வழிகாட்டினார்கள். மலையகத்தில் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி இனிமேல்தான் கோக்கப்பட வேண்டும். டொரன்டோவிலும் லண்டனிலும் சென்னையிலும் மென்பொருள் துறையில் இருக்கும் வாசகர்களே, பணம் அனுப்புவதைவிட, இங்குள்ள ஒரு பிள்ளையின் முன்மொழிவை வாசித்துத் திருத்திக் கொடுங்கள். அதற்கு ஒரு வார இறுதி போதும்.