கடையை மூடினா குடி நின்னுடுமா?

1/ தேர்தல் வந்தாலே "பூரண மதுவிலக்கு" கோஷமும் வந்துடும். குடிச்சுக் கெட்ட ஈரலைத் தினமும் பார்க்கிற டாக்டர் நான். டாஸ்மாக்குக்கு வக்காலத்து வாங்க வரல. ஆனா கடையை மட்டும் மூடினா யாரு சாவாங்கன்னு சொல்லியே ஆகணும்.

2/ நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இதை ஏற்கெனவே பார்த்தாச்சு. 2020 மார்ச் ஊரடங்குல மூடின டாஸ்மாக், சென்னை போலீஸ் எல்லைக்குள்ள ஆகஸ்ட் 18 அன்னிக்குத்தான் திறந்தது. அந்த ஏப்ரல்லயே செங்கல்பட்டுல வார்னிஷ் குடிச்சு 3 பேர் செத்தாங்க.

3/ வார்னிஷைப் போய் ஏன் குடிக்கணும்? வருஷக்கணக்கா தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா முதல் நாளே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். அப்புறம் வலிப்பு வரலாம். 2, 3 நாள்ல சிலருக்குப் புத்தி பேதலிச்சு உயிரே போகலாம். இது திமிர் இல்ல, நோய்.

4/ உடம்பை முறிக்கிற வேலை இருக்கிற இடத்துல இது இன்னும் மோசம். கல்குவாரி, கிரஷர், சுரங்கம் எல்லாத்துலயும் வலிக்கு மருந்தே சரக்குதான். கோலாரைப் பாருங்க. தங்கச் சுரங்கம் 2001ல மூடி, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்த மாவட்டம்.

5/ கர்நாடகா 2007 ஜூலைல சாராயத்தைத் தடை பண்ணுச்சு. நல்ல எண்ணம்தான். 2008 மே மாசம் பெங்களூரு, கோலார், நம்ம கிருஷ்ணகிரியில கள்ளச்சாராயத்துக்கு 150 பேருக்கு மேல பலி. பாட்டில் சரக்கு வாங்க வசதி இருந்தவங்க தப்பிச்சாங்க. செத்தது கூலிக்காரங்க.

6/ கொன்னது மெத்தனால். உடம்புக்குள்ள ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண் நரம்பைத் தாக்கும். 2023 மே மரக்காணம், செங்கல்பட்டு சாவுகளுக்கான மெத்தனால் எங்கிருந்து போச்சு? வானகரத்துல ஒரு ஆலையிலிருந்துன்னு போலீஸ் சொன்னாங்க. பூந்தமல்லி ஹைரோட்டுல நாம தினமும் கடந்து போற அதே வானகரம்.

7/ "2024ல கள்ளக்குறிச்சியில டாஸ்மாக் திறந்துதானே இருந்தது? 65 பேருக்கு மேல செத்தாங்களே?" நியாயமான கேள்வி. கடை திறந்திருக்கும்போதே குவார்ட்டருக்குக் காசில்லாதவர் பாக்கெட் சாராயத்துக்குப் போறார். மூடிட்டா குவார்ட்டர் குடிக்கிறவரும் அங்கதான் போவார்.

8/ கடை தூரமானா சில வீடுகள்ல அடி உதை குறையும். அதை மறுக்கல. கடையை மூடச் சொல்லிப் போராடற பெண்கள் பக்கம்தான் நானும். ஆனா வீட்டுக்காரர் வலிப்பு வந்து விழுந்தாலும், கண்ணு போய் வந்தாலும், தூக்கிட்டு ஓடப்போறதும் அதே பெண்கள்தானே?

9/ டாஸ்மாக் மூலமா அரசுக்கு 2023-24ல வந்தது 45,000 கோடிக்கு மேல. குடியை நிறுத்தும்போது கொடுக்கிற டயஸெபாம், தயமின் ரெண்டுமே மலிவான மருந்து. தாலுகா ஆஸ்பத்திரிதோறும் குடிநோய்க்குப் படுக்கை போடுங்க. மெத்தனால் டேங்கர் ஒவ்வொண்ணுக்கும் கணக்குக் கேளுங்க. அப்புறம் கடைகளைப் படிப்படியா மூடுங்க, நானே வந்து கை தட்டறேன். படுக்கை இல்லாம பூட்டு மட்டும் போட்டா, அது ஏழைக்குத் தர்ற தண்டனை.

10/ கடைசியா ஒண்ணு. தினமும் குடிக்கிறவர் நிறுத்தறேன்னு சொன்னா வீட்டுல அடைச்சு வைக்காதீங்க. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. யோசனை கேட்க 14416க்குப் போன் பண்ணலாம், இலவசம்.