இங்கிலீஷ் வராதவருக்கு ஸ்பானிஷ் வருமா?

"மாமா, எனக்கு இங்கிலீஷே தகராறு. இதுல ஸ்பானிஷ் வேறயா?"

என் அக்கா மகன் கேட்ட கேள்வி இது. திருவொற்றியூரில் தமிழ் மீடியத்தில் படித்தவன். டிப்ளமோ முடித்துவிட்டு மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். போன வருடம் தவணையில் ஒரு லேப்டாப் வாங்கினான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். இரண்டு மாதம் படம் பார்த்தான், பாட்டு கேட்டான். மூன்றாவது மாதம் அலுத்துப் போய் மூடி வைத்துவிட்டான். அந்த நேரத்தில்தான் நான் ஸ்பானிஷ் பேச்சை எடுத்தேன்.

வரும் என்று சொன்னேன். இங்கிலீஷ் வழியாகப் போகாதவருக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாகவே வரும் என்றும் சொன்னேன். அவன் நம்பவில்லை. நீங்களும் நம்பாமல் இருக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எனக்கு ஏன் இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பேப்பர் வேலை பார்க்கிறேன். சென்னையில் தயாராகும் கார்கள் மெக்சிகோவுக்கும், சிலிக்கும், பெருவுக்கும் கப்பல் ஏறுகின்றன. 1955ல் திருவொற்றியூரில் தொழிற்சாலை தொடங்கிய என்பீல்டு புல்லட், இன்று அர்ஜென்டினாவிலும் கொலம்பியாவிலும் ஓடுகிறது. 2020ல் அர்ஜென்டினாவிலும் 2021ல் கொலம்பியாவிலும் என்பீல்டு வண்டிகளை உள்ளூரிலேயே பூட்டித் தரும் ஏற்பாடு வந்துவிட்டது. இந்த நாடுகள் எல்லாவற்றிலும் பேச்சு ஸ்பானிஷ்தான். சுமார் 20 நாடுகளில் அது ஆட்சி மொழி. ராயபுரத்திலும் எண்ணூரிலும் குடியிருப்பவருக்கு அமெரிக்காவை விட இந்த நாடுகள் தொழிலில் தூரம் என்று சொல்ல முடியாது.

ஒரு முறை சிலி நாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதினேன். உதாரணத்துக்கு அவர் பெயரை ஹொசே கார்சியா லோபெஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் இருப்பதுதானே குடும்பப் பெயர் என்று நினைத்து, மிஸ்டர் லோபெஸ் என்று போட்டேன். பைலையும் அந்தப் பெயரிலேயே சேமித்தேன். அடுத்தவர் வேறு பெயரில் இன்னொரு போல்டர் திறந்தார். ஒரே சரக்குக்கு இரண்டு போல்டர், இரண்டு நாள் குழப்பம். ஸ்பானிஷ்காரர்கள் முதலில் அப்பாவின் குடும்பப் பெயரையும் அதன் பிறகு அம்மாவின் குடும்பப் பெயரையும் போடுகிறார்கள். அவர் மிஸ்டர் கார்சியா. நான் அவரை அம்மா வீட்டுப் பெயரால் கூப்பிட்டிருக்கிறேன். நம் இனிஷியலைப் பார்த்து வெளிநாட்டுக்காரர் முழிப்பது போலத்தான் இதுவும். எந்த டிக்ஷனரியிலும் இது இல்லை. ஒரு பாட்காஸ்ட்டில் பேச்சோடு பேச்சாக வந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பாட்காஸ்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ரேடியோ நிகழ்ச்சி போல ஒன்றைப் பதிவு செய்து இன்டர்நெட்டில் வைத்துவிடுவார்கள். நீங்கள் ஒரு முறை சந்தாதாரராகிவிட்டால் (பணம் கட்டும் சந்தா அல்ல) புதிய பகுதி வந்ததும் உங்கள் கம்ப்யூட்டரோ போனோ தானாக எடுத்து வைத்துக் கொள்ளும். ஐபாட், பிராட்காஸ்ட் என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி 2004ல் வந்த பெயர் இது. 20 நிமிடப் பேச்சு சாதாரணத் தரத்தில் சுமார் 10 எம்.பி. இருக்கும். இன்று கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடுகிறது. 2008ல் ராயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதே 10 எம்.பி.யை இறக்கியபோது, பாதியில் கரன்ட் போய், அரை மணி நேரக் காசு வீணானது. அன்றோடு ஸ்பானிஷை விட்டேன். இடையில் நகரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தும் பார்த்தேன். மூன்று மாதமும் போர்டில் இங்கிலீஷில் இலக்கண அட்டவணை. வாயைத் திறக்க வாய்ப்பே வரவில்லை. அதையும் விட்டேன்.

திரும்பப் பிடித்தது 2021ல். அந்த வருடம் பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. அதற்கு முன் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் போகும்போது, காதில் ஹெட்போன் இருந்தாலும் ஏர் ஹாரன்தான் கேட்கும். திருவொற்றியூரில் ஏறி மண்ணடியில் இறங்குவதற்குள் ஒரு பகுதி ஏறக்குறைய முடிந்துவிடும். முதலில் கேட்டது ஸ்காட்லாந்திலிருந்து வரும் காபி பிரேக் ஸ்பானிஷ். 2006ல் தொடங்கியது. மார்க் பென்டில்டன் என்ற ஆசிரியர் பொறுமையாக, காபி குடிக்கிற நேரத்துக்குள் ஒரு பாடம் நடத்துவார். நல்ல நிகழ்ச்சி. ஆனால் விளக்கம் எல்லாம் இங்கிலீஷ். என் அக்கா மகன் பயந்தது இதற்குத்தான்.

ஒரு கட்டத்தில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்த ஆசிரியர் இங்கிலீஷ்காரர்களுக்காக மூச்சைப் பிடித்து விளக்குகிற பல இடங்களில் எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "மே குஸ்தா" என்று ஒரு பிரயோகம். இங்கிலீஷில் "நான் விரும்புகிறேன்" என்று சொல்லிப் பழகியவருக்கு இது தலைகீழாகத் தெரியும். நமக்கு? எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான். "மே துவேலே லா கபேசா" என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. "எனக்கு" முன்னால் வந்து, தலை எழுவாயாக நிற்கிறது, தமிழில் இருப்பது போலவே. வினைச்சொல்லின் கடைசியிலேயே ஆள் தெரிந்துவிடும் என்பதால், நான், நீ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பேசுகிறேன் என்பது "அப்லோ", பேசுகிறாய் என்பது "அப்லாஸ்". நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசமும் உண்டு. இங்கிலீஷ் இவை எல்லாவற்றையும் தொலைத்துவிட்ட மொழி.

உச்சரிப்பிலும் நமக்குத்தான் லாபம். ஸ்பானிஷ் "த" நம்முடைய பல்லில் படும் "த". இங்கிலீஷ் வழியே படிப்பவர் அதை "ட" ஆக்கிவிட்டு, பிறகு திருத்திக் கொள்ள அவஸ்தைப்படுகிறார். "அது" என்று சொல்லும்போது நடுவில் வரும் த எப்படி மெலிகிறதோ, "அகம்" என்பதில் க எப்படி மெலிகிறதோ, அப்படியே ஸ்பானிஷிலும் உயிர்களுக்கு நடுவே மெலிகிறது. ர, ற இரண்டும் தனித்தனியாக உண்டு. "பெரோ" என்றால் ஆனால். நாக்கை உருட்டி "பெற்ரோ" என்றால் நாய். சென்னைக்காரர்களான நாம் ர, ற இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம், அதனால் எனக்கு ஆறு மாதம் நாய் வரவே இல்லை. நாகர்கோவில்காரரான என் அலுவலக நண்பர் ஒருவர் முதல் முயற்சியிலேயே சொல்லிவிட்டார். வயிற்றெரிச்சல்தான்.

சொற்களைப் பாருங்கள். மேசைக்கு அவர்கள் மேசா என்கிறார்கள். அலமாரி அர்மாரியோ, கோப்பை கோப்பா, பொத்தான் போத்தோன், கொய்யா குவாயாபா, பப்பாளி பப்பாயா. கட்டட மேஸ்திரி அங்கே மாயெஸ்த்ரோ, பாதிரியார் பாத்ரே. இலங்கைத் தமிழர்கள் சொல்லும் சப்பாத்து அங்கே சபாத்தோ. இவை நமக்கு ஸ்பெயினிலிருந்து வரவில்லை. மயிலாப்பூரில் குடியேறிய போர்ச்சுக்கீசியர்கள் போன்றோர் கொண்டு வந்தவை. போர்ச்சுக்கீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கை. சாவிக்கு ஸ்பானிஷில் யாவே. அர்ஜென்டினாவின் தலைநகரில் அதையே ஷாவே என்பார்கள், இன்னும் நெருங்கி வருகிறது. ஆனால் எல்லாவற்றையும் இப்படி நம்பிவிடாதீர்கள். ஜன்னல் போர்ச்சுக்கீசு. ஸ்பானிஷில் அதற்கு வென்தானா.

ராயபுரத்தில் ஒரு ரீசார்ஜ் கடையில் இதை சோதித்துப் பார்த்தேன். பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் சிம் கார்டு கேட்டுக் கொண்டிருந்தார். அந்த நாடு 1898 வரை 300 வருடங்களுக்கு மேல் ஸ்பெயினிடம் இருந்ததாயிற்றே என்று ஸ்பானிஷில் வணக்கம் சொன்னேன். தனக்கு ஸ்பானிஷ் தெரியாது என்று சிரித்தார். கடை மேசையைத் தட்டி "மேசா?" என்றேன். "மேசா" என்றார். செருப்பைக் காட்டினேன், "சபாத்தோஸ்" என்றார். ஜன்னலுக்கு "பின்தானா". கிழமைகளும் மணி சொல்வதும் அவர்கள் பேச்சில் ஸ்பானிஷ்தான். கடைக்காரர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். (1762ல் சென்னையிலிருந்து போன ஆங்கிலேயப் படை மணிலாவைப் பிடித்தபோது உடன் போன சென்னைச் சிப்பாய்கள் சிலர், 1764ல் படை திரும்பியும் திரும்பாமல் கைன்டா என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். நான் சொன்னதும் அவருக்குக் கைன்டா ஊர் தெரிந்திருந்தது.)

அக்கா மகனுக்கு இங்கிலீஷ் பாட்காஸ்ட்டைக் கொடுக்கவில்லை. ட்ரீமிங் ஸ்பானிஷ் என்று ஒன்று யூடியூபிலேயே இருக்கிறது. ஆரம்பப் பாடங்களில் படம் வரைந்து, கை காட்டி, முழுக்க முழுக்க ஸ்பானிஷிலேயே பேசுவார்கள். வேறு மொழியே கிடையாது. குழந்தைக்கு நாம் சோறு ஊட்டும்போது பேசுகிற மாதிரி. மூன்றாம் நாள், "மாமா, புரியுது, ஆனா எப்படி புரியுதுன்னு தெரியல" என்றான்.

கேட்பதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பாத்திரம் கழுவிக் கொண்டே 20 பகுதிகள் கேட்டுவிட்டேன் என்று சொல்பவர்களுக்கு ஒன்றும் தங்கியிருக்காது. நானே அப்படி ஒரு வருடத்தை வீணாக்கினேன். ஒரே பகுதியை நான்கு நாள் கேளுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் வி.எல்.சி. பிளேயர் இருந்தால் போதும். சதுர அடைப்புக்குறி கீகளை அழுத்தினால் வேகம் குறையும், கூடும். வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ் என்பதை டிக் செய்தால் ஏ-பி என்று ஒரு பட்டன் வரும். வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு கிளிக், முடிவில் ஒரு கிளிக். அந்த வாக்கியம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். பிறகு ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமில் உங்கள் குரலைப் பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்து கேளுங்கள். முதல் நாள் வெட்கமாக இருக்கும். கதவைச் சாத்திக் கொள்ளலாம்.

எழுதவும் வேண்டும். ஸ்பானிஷில் நம் "ஞ" ஒலிக்கு, என் எழுத்தின் மேல் ஒரு அலைக்கோடு போடுகிறார்கள். வயதைச் சொல்ல "அஞோஸ்" என்ற சொல் தேவை, வருடங்கள் என்று பொருள். அலைக்கோட்டை விட்டுவிட்டால் அது உடம்பின் ஒரு பாகமாகிவிடும், எது என்று இங்கே எழுத முடியாது. ஆல்ட் கீயை அழுத்திக் கொண்டு வலப்பக்க எண் பலகையில் 164 தட்டினால் அந்த எழுத்து வரும். எண் பலகை இல்லாத லேப்டாப் என்றால், விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ் போய் ஸ்பானிஷைச் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் அழுத்தினால் கீபோர்டு மாறும். அரைப்புள்ளி கீ இருக்கிற இடத்தில் அந்த எழுத்து உட்கார்ந்திருக்கும்.

மொழிபெயர்க்கும் வசதி போனிலேயே வந்துவிட்டதே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அலுவலகத்தில் நானும் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் மெக்சிகோக்காரர் "அஓரிதா" அனுப்புகிறேன் என்று எழுதினால் அது "இப்போதே" என்று காட்டும். அங்கே அதன் அர்த்தம் நம் ஊர் "இதோ வந்துட்டேன்" மாதிரி. வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. லாரியை யார்டில் நிற்க வைக்கலாமா வேண்டாமா என்பது அந்தச் சொல்லை எப்படிப் புரிந்து கொள்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

அக்கா மகன் இப்போது லத்தீன் அமெரிக்கக் கதைகளைச் சொல்லும் ரேடியோ அம்புலாந்தே வரை வந்துவிட்டான். பாதிதான் புரிகிறது என்கிறான். எழுத்து வடிவமும் அவர்கள் தளத்தில் கிடைப்பதால் இரண்டாவது முறை வாசித்துக் கொண்டே கேட்கிறான். இப்போது நாங்கள் இருவரும் மாட்டிக் கொண்டிருப்பது இறந்த காலத்தில். அங்கே அது இரண்டு வகை: "போனேன்" என்பதற்கு ஒன்று, "அப்போதெல்லாம் போவேன்" என்பதற்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டில் உட்கார்ந்து அதைத்தான் பார்க்கிறோம். அக்கா ஏதாவது கடைக்குப் போகச் சொன்னால், "மே துவேலே லா கபேசா" என்கிறான். அக்காவுக்கும் அதன் அர்த்தம் தெரிந்துவிட்டது.