கனவும் கூத்தும்

கனவை மேடையேற்றுதல் பித்தர் செயலென நம் மாணவர் சிலர் நகைக்கின்றனர். 1948-ல் வெளிவந்த உதயசங்கரின் ‘கல்பனா’வை அவர்கள் காணல் வேண்டும். சென்னை ஜெமினி ஸ்டூடியோவிலே உருப்பெற்ற அப்படத்தில் ஆடலும் இசையும் ஒளியும் நிழலும் ஒருங்கியைய, காட்சியினின்று காட்சி கனவிற்போல் முளைக்கின்றது. ராம்நாத்தின் காமிராவும் விஷ்ணுதாஸ் சிராலியின் இசையும் இன்றேல் அக்கனவு ஒருவர் நெஞ்சிலேயே மடிந்திருக்கும். 2012-ல் கான் திரைவிழாவினர் அதனைச் செப்பனிட்ட படியிற் கண்டனர்.

இஃது அயல்நாட்டுப் புதுமை என்பாருமுளர். கண்ணகி தேவந்திக்கு உரைத்த கனவை மறந்தனர் போலும்! பேரூர், பழிச்சொல், அரசன் முன் வழக்கு எனக் கதை முழுதும் அதனுள் அடங்கியுளதன்றோ? வெண்ணந்தூரில் விடியுமளவும் தெருக்கூத்தின் முன் உறங்கியும் விழித்தும் கிடந்த எனக்கு, கண்டவற்றுள் எது கூத்து, எது கனவென இன்றும் தெளிவில்லை.

கண்ணகி கனவை வருங் கல்லூரி விழாவில் ஆட விழைகின்றேன். மத்தளம் கொட்டுவோர், ஓவியந் தீட்டுவோர் வருக. நகைத்தோரும் வரலாம், திரை பிடிக்க இருவர் வேண்டும்.