முதல் ஆஃபரே தலையெழுத்தா?

கோவையில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். கையில் இரண்டு ஆஃபர், இரண்டும் பெங்களூரில். ஒன்று, வெளிவட்டச் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் வெளிநாட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றின் பின்னலுவலகம், பதவி ‘அனலிஸ்ட்’. இன்னொன்று, பீன்யாவில் பம்பு செய்யும் நடுத்தரக் கம்பெனி. உற்பத்தித் திட்டமிடலில் பயிற்சியாளர். “மாமா, எனக்கு மேனேஜ்மென்ட் கன்சல்டிங் போகணும். பீன்யாவுக்குப் போனா கதை முடிஞ்சுதுன்னு சீனியர் எல்லாரும் சொல்றாங்க” என்றான்.

இந்த ‘எல்லாரும்’ பேசுவதை பி.டி.எம். லேஅவுட் பி.ஜி. மாடிகளில் பல வருஷமாகக் கேட்டுவருகிறேன். முதல் வேலையில் பெரிய பெயர் விழாவிட்டால் மெக்கின்சி, பி.சி.ஜி., பெயின் என்ற பெரிய கன்சல்டிங் நிறுவனங்கள் மூன்றும் கைவிட்டுப் போச்சு. பதவியில் ‘கன்சல்டன்ட்’, ‘அனலிஸ்ட்’ என்று ஏதாவது ஒட்டியிருக்க வேண்டும். பேக்கேஜ் பெரிதாக இருந்தால் ஆஃபரும் பெரிது. வேதவாக்குபோலச் சொல்வார்கள்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். சென்னைப் பெண் இந்திரா நூயி 1976-இல் ஐ.ஐ.எம். கல்கத்தாவில் படித்து முடித்ததும் சேர்ந்தது மேட்டூர் பியர்ட்செல் என்ற ஜவுளி நிறுவனத்தில். அடுத்து ஜான்சன் அண்டு ஜான்சனில் ‘ஸ்டேஃப்ரீ’ நாப்கினை இந்தியச் சந்தையில் நிலைநிறுத்தும் வேலை. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவே நாடு கூசிய காலம் அது. பிறகு யேல், அங்கிருந்து 1980-இல் பி.சி.ஜி. சுந்தர் பிச்சையும் சிப் தயாரிப்புக் கருவிகள் செய்யும் அப்ளைடு மெட்டீரியல்ஸில் வேலை பார்த்துவிட்டு, வார்ட்டனில் எம்.பி.ஏ. முடித்து, அதன் பிறகே மெக்கின்சிக்குப் போனவர். இவ்வளவு ஏன், 1963-இல் பி.சி.ஜி.யைத் தொடங்கிய புரூஸ் ஹெண்டர்சனே அதற்கு முன் வெஸ்டிங்ஹவுஸ் என்ற மின்கருவிக் கம்பெனியில் ஏறத்தாழ இருபது வருஷம் இருந்தவர்தான்.

“யேல், வார்ட்டன் போனவங்க கதையைச் சொல்லி ஏமாத்தாதீங்க” என்று சீனியர்கள் சீறுவார்கள். நியாயமான சீற்றம்தான். ஆனால் கதவைத் திறந்தது பிசினஸ் ஸ்கூல் என்றால், முதல் கம்பெனியின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்க வேண்டும்? இன்றும் பெங்களூரில் பெரிய வாசல் அதுவே. பன்னேர்கட்டா சாலை ஐ.ஐ.எம்.முக்கு இந்த நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வருகின்றன. அந்த ஐ.ஐ.எம். மாணவர்களை எடுக்கும்போது கேட் (CAT) மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் கணக்கில் சேர்க்கிறது. எந்த லோகோவும் அவற்றைத் திருத்தாது. வேலை அனுபவத்துக்கும் அந்தக் கணக்கில் இடம் உண்டு. பீன்யா அனுபவமும் அனுபவமே.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. குவியலாக வரும் ரெஸ்யூம்களில் தெரிந்த பெயரைக் கண்டால் கண் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். நேர்காணல் அறைக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

அங்கே ஒரு கேஸ் கொடுப்பார்கள். தர்ஷினி ஓட்டல் ஒன்றில் கூட்டம் குறையவில்லை, லாபம் மட்டும் குறைகிறது, ஏன் என்பதுபோல. அதைப் பயிற்சியால் சமாளித்துவிடலாம். மெக்கின்சியில் இன்னொரு பகுதியும் உண்டு: உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, யார் எதிர்த்தார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள், அடுத்து என்ன ஆனது என்று தோண்டுவார்கள். காஸ்டிங் வராமல் லைன் நின்ற நாளில் சப்ளையரோடும் சூப்பர்வைசரோடும் மல்லுக்கட்டியவனிடம் சொல்ல விஷயம் இருக்கும். வேறு ஊர் டீம் கேட்ட ஸ்லைடை ராத்திரி பதினோரு மணிக்கு அழகுபடுத்தி அனுப்பியவன் எதைச் சொல்வான்?

இரண்டாவது வாதம் இங்கேயே பாதி உடைந்துவிட்டது. ‘கன்சல்டன்ட்’ என்பது பெங்களூரில் மலிவான சொல். சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்பவர் விசிட்டிங் கார்டிலும் அது இருக்கும். அதற்காகப் பின்னலுவலக வேலையை நான் இளக்காரம் செய்யவில்லை. தரவு, ஆராய்ச்சி என்று உருப்படியாகக் கற்றுத்தரும் இடங்கள் உண்டு, அங்கிருந்து முன்வரிசைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் அது தானாக நகரும் எஸ்கலேட்டர் இல்லை. சேருவதற்கு முன்பே எச்.ஆரிடம் கேட்டுவிட வேண்டும்: போன இரண்டு வருஷத்தில் இந்த டீமிலிருந்து எத்தனை பேர் கிளையன்ட் முன்னால் உட்காரும் வேலைக்கு மாறினார்கள்?

சம்பளக் கதைக்கு அதிக நேரம் வேண்டாம். சி.டி.சி. என்று பெரிய எழுத்தில் போடும் தொகையில் கம்பெனி செலுத்தும் பி.எஃப். பங்கு இருக்கும், வந்தாலும் வரும் வராவிட்டாலும் போகும் ‘வேரியபிள்’ இருக்கும். நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருஷம் முடிந்தால்தான் கைக்கு வரும் கிராஜுவிட்டியைக்கூடச் சேர்த்திருப்பார்கள். இரண்டே வருஷத்தில் எம்.பி.ஏ.வுக்குக் கிளம்ப நினைப்பவனுக்கு அது எழுத்தில் மட்டும் உள்ள பணம். பாண்ட் இருந்தால் எத்தனை மாதம், நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்பது அவனுக்கு அதைவிட முக்கியம். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: வீட்டில் கல்விக்கடன் இ.எம்.ஐ. காத்திருந்தால், மாதாமாதம் கையில் கூடுதலாக விழும் ஆஃபரை எடுப்பதில் தவறே இல்லை. அந்தக் கணக்கு வேறு.

இதையெல்லாம் அவனிடம் சொன்னபோது, பீன்யாவுக்கே போ என்று சொல்வேன் என எதிர்பார்த்தான் போல. நான் சொல்லவில்லை. அந்தக் கம்பெனியிலும் முதல் வருஷம் முழுக்க எக்செல் ஷீட் நிரப்ப மட்டும் உட்கார வைக்கலாம். “ரெண்டு இடத்துலயும் கேளுடா, முதல் ஆறு மாசம் நான் யார் பக்கத்துல உட்காருவேன், அவங்க என்ன முடிவு எடுப்பாங்கன்னு” என்றேன்.

நேற்று ராத்திரி மறுபடி போன். பீன்யாவில் பிளான்ட் மேனேஜர், ஒரு நாள் வந்து ஷாப் ஃப்ளோரைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக் கட்டடத்து எச்.ஆர். கொஞ்சம் தயங்கி, “நாலு பேர் மாறியிருக்காங்க” என்றாராம்.

“அந்த நாலு பேர்ல ஒருத்தர் நம்பர் வாங்கிட்டேன் மாமா. சனிக்கிழமை பேசறேன்.”