தலைக்கு மேல் ஒரு கட்டுமானம்



நம் கல்லூரி விழா நாடகத்தில் பிரெஞ்சு ராணியாக வந்த நண்பனின் தலையைப் பார்த்துக் கைதட்டாதவர்கள் யார்? ஒன்றரை அடி உயரத்துக்கு வெள்ளைக் கோபுரம் மாதிரி நின்றதே, அந்தக் கொண்டையை யார் செய்தது என்று பலரும் கேட்டார்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். செய்தது நான். சொல்லிக் கொடுத்தது என் அப்பா. அவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார்.

ஏன் மறைத்தாய் என்பீர்கள். "டிப்ளமோ முடிச்சுட்டு சிரைக்கவா போறே?" என்ற பேச்சு நம் ஹாஸ்டலில் தினம் ஒரு தடவையாவது காதில் விழுகிறது. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்கு ஃபீஸ் கட்டியது அந்தக் கத்தரிக்கோல்தான். இருந்தும் சிரித்தேன்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1770களில் பாரிஸில் 'பூஃப்' என்ற கொண்டை பெரிய நாகரிகமாக இருந்தது. ராணி மேரி அந்துவானெத்துக்கு முடி அலங்கரித்தவர் லியோனார் ஓத்தியே. தெற்கே பாமியே என்ற ஊரில் பிறந்து பிழைக்க பாரிஸ் வந்தவர். 1774ல் பதினாறாம் லூயி மன்னர் அம்மை குத்திக்கொண்டபோது, அதைக் கொண்டாட பாம்பும் உதிக்கும் சூரியனும் ஆலிவ் மரமும் வைத்து ஒரு கொண்டை வந்தது. 1778ல் 'பெல் பூல்' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஆங்கிலக் கப்பலோடு மோதியது. உடனே பாய்மரத்தோடு முழுக் கப்பலையும் தலையில் ஏற்றிவிட்டார்கள். அச்சான படங்கள் இன்றும் இருக்கின்றன.

இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடலாம். ஆனால் நிற்க வைத்தது எது? சிவில் மாணவன் கண்ணால் பாருங்கள். அடியில் கம்பளியோ குதிரைமுடியோ அடைத்த மெத்தை. சில சமயம் கம்பிக்கூடு. சொந்த முடியைச் சிக்காக்கிப் பருமன் ஏற்றி, அந்த மெத்தைமேல் இழுத்து மூடி, நீள ஊசிகளால் பிணைப்பார்கள். போதாத இடத்தில் சவுரி. கொழுப்பில் செய்த பொமேடைப் பூசி, மேலே ஸ்டார்ச் பவுடர் தூவுவார்கள். பொமேடுதான் சிமெண்ட் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

நான் செய்த முதல் கொண்டை ஒத்திகையிலேயே கவிழ்ந்தது. கோழிவலைக் கம்பியில் கூடு கட்டி, பழைய துணியைத் திணித்திருந்தேன். எடை 1.8 கிலோ. ராணி தலை குனிந்து வணங்கியதும் கோபுரம் மடியில்! எல்லோரும் சிரித்தார்கள். சனிக்கிழமை ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா கையில் வாங்கி இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"வெயிட்டெல்லாம் உச்சியில வச்சிருக்கியே தம்பி. அடி அகலமா இருக்கணும், மேல போகப்போக லேசாகணும். கொஞ்சம் பின்னாடி சாய்ச்சுக் கட்டு."

இதைத்தானே வகுப்பில் ஈர்ப்பு மையம் என்று ஒரு மாதம் படித்தேன்? பரீட்சையில் மார்க்கும் வாங்கினேன். கையில் வரவில்லை.

அடுத்த சிக்கல், நம் ராணிக்குக் கிராப்புத் தலை. ஊசி எதில் பிடிக்கும்? அதற்கும் அப்பாவே வழி சொன்னார். கூத்துக்காரர்கள் கிரீடம் வைக்கும் முன் தலையில் துணியை இறுக்கிக் கட்டுவார்களே, அது மாதிரி பழைய வேட்டித் துணியைக் கட்டி, கூட்டின் அடிவளையத்தை அதில் தைத்துவிடச் சொன்னார். துணியை எடுத்துவிட்டு ஸ்பாஞ்ச் வைத்தோம். எடை 650 கிராமுக்கு இறங்கியது. பவுடருக்கு மைதா வாங்கினேன். "சாப்பிடற மாவைத் தலையில கொட்டுவாங்களாடா?" என்று அதட்டினார். பாரிஸிலும் அதே கோபம் இருந்திருக்கும். 1775ல் ரொட்டி விலை ஏறி ஜனங்கள் கலகம் செய்தார்கள், 'மாவுப் போர்' என்றே அதற்குப் பெயர். நாங்கள் டால்கம் பவுடரோடு நிறுத்திக்கொண்டோம்.

இன்னொன்று. 1768, 69ல் பாரிஸ் பெண்களுக்கு முடி அலங்கரித்தவர்கள், தங்களைத் தொழில் செய்யவிடாமல் தடுத்த சவரத் தொழிலாளர் சங்கத்தோடு கோர்ட்டில் மோதினார்கள். எங்கள் வேலை ஓவியன், சிற்பி வேலைக்குச் சமம் என்று வாதாடினார்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால்! நாம் இன்னும் 'சிரைக்கவா போறே' என்கிறோம். சிரைத்தால்தான் என்ன? அப்பாவைப் போல் ஒரு தலையைப் பார்த்ததும் அளவு சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

இந்தக் கொண்டையை வரைபடத்தோடும் எடைக் கணக்கோடும் மாணவர் கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டேன். "இதெல்லாம் ப்ராஜெக்ட் ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டார்கள். அட்டையில் செய்த பாலம் ஆகுமாம், பாரம் தாங்கி மேடையில் முக்கால் மணி நேரம் ஆடிய கட்டுமானம் ஆகாதாம். மன்றத் தோழர்கள் அடுத்த வருஷக் கண்காட்சிக்கு முன் இதைப் பேச வேண்டும். பானை செய்கிறவர், தறி நெய்கிறவர், முடி திருத்துகிறவர் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களும் வீட்டு வேலையை வரைந்து, அளந்து கொண்டுவந்து வைக்கட்டும்.

ராணியின் கொண்டை இப்போது எங்கள் கடைக் கண்ணாடிக்கு மேலே இருக்கிறது. முடிவெட்ட வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்களாம். "பையன் காலேஜ்ல செஞ்சது" என்கிறாராம் அப்பா. இடது பக்கம் லேசாகச் சரிந்திருக்கிறது. பொங்கல் லீவுக்குப் போகும்போது கட்டுக்கம்பி கொண்டுபோக வேண்டும்.

– இரண்டாம் ஆண்டு, சிவில்